ஆணிக்கூடத்து ரேடியோ

என் சித்தி எதையும் மாற்ற மாட்டாள், கழட்டுவாள். டிவியில் வேறு சேனல் வேண்டுமென்றால் "இதைக் கழட்டு" என்பாள். பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தால் "நடுவுல ஒரு பஸ்ஸைக் கழட்டி வந்தேன்" என்பாள். ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோன மாதத்தில் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் "வீட்டைக் கழட்டப்போறோம்" என்று சொல்லிவைத்தாள். செய்தி வீட்டுச் சொந்தக்காரருக்கு எட்டி, அவர் வந்து கதவு ஜன்னல்களை எல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் வேலை செய்யும் ஆணித் தொழிற்சாலையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். அங்கே அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளுக்குக் காது கேட்காது என்பது தெரிந்துதான் அப்படி வைத்தார்கள்.

கல்யாணமான அடுத்த வருடம் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது சித்தியின் இரண்டு காதுகளையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பு அவள் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். மழைக்கு ஒதுங்கியவர்களைக்கூடப் பை நிறையத் துணியோடு அனுப்பிவைக்கும் வாய் அவளுக்கு. காய்ச்சலுக்குப் பிறகு கடைக்காரர் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடியில் துணி மடிக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே பேசுவதற்குச் சுவர்தான் இருந்தது. சித்தி தானாகவே நின்றுகொண்டாள்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க அவளே பழகிக்கொண்டாள். ஆனால் அதற்கு எதிரில் இருப்பவரின் தயவும் வேண்டும். சித்தப்பா வேன் ஓட்டுநர். சாலையைப் பார்த்தபடியே பேசிப் பழகியவர். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டைச் சாலையாக நினைத்துக்கொண்டு பேசுவார். சொந்தக்காரர்கள் கூடிச் சிரிக்கும்போது சித்தி "என்ன, என்ன?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். யாரும் சொன்னதில்லை. உதட்டில் தனக்கு மிகத் தெளிவாகத் தெரியும் சொல் அந்த 'அப்புறம்'தான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதில் உதடு நடுவில் ஒருமுறை மூடும், கடைசியில் ஒருமுறை மூடும். இரண்டாவது முறை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவள் தலையாட்டக் கற்றுக்கொண்டாள். யார் என்ன சொன்னாலும் ஒரு சின்னப் புன்னகை, இரண்டு தலையாட்டல். சித்தி தேறிவிட்டாள் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

பிறகு யாரோ சொல்லி ஆணிக்கூடத்துக்குப் போனாள். வேறு யாரும் போக விரும்பாத வேலை என்பதால் எளிதில் கிடைத்தது. கூடத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக மெஷின்கள், நடுவில் நீளமான பாதை. ஒவ்வொரு மெஷினும் கம்பியை உள்ளே இழுத்து, வெட்டி, ஒரே அடியில் தலை வைத்து, ஆணியாகத் தட்டில் துப்பும். அத்தனை மெஷின்களும் சேர்ந்து போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. போதாததற்குக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தக் கூடத்தில் காது கேட்பவர் என்று ஒருவரும் இல்லை.

முதல் நாள் வாசலில் நின்று பார்த்த சித்திக்குக் கால் நகரவில்லையாம். பாதையின் இந்தப் பக்கம் இருப்பவளும் அந்தப் பக்கம் இருப்பவளும் வாயசைத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் ஒரு கோடியில் ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொரு கோடியில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் முகத்தை நேராகக் கொடுத்துப் பேசினார்கள். வாயை நன்றாகத் திறந்து பேசினார்கள். ஊமைப்படம் ஒன்றுக்குள் நுழைந்து, அதில் எல்லாரும் தன்னைப் பார்த்துப் பேசுவது போல இருந்தது என்றாள்.

உதட்டுப் பேச்சில் ஒரு வம்பு உண்டு. காதுக்கு வேறு வேறாக இருக்கும் சொற்கள் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். பகரமும் மகரமும் உதட்டில் இரட்டைப் பிள்ளைகள். பணமும் மணமும் ஒன்று, பாலையும் மாலையும் ஒன்று. சித்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதிர் மெஷின்காரி "பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சித்தி அதை மாமா என்று எடுத்துக்கொண்டு, அந்த வயதிலுமா என்று கேட்டுவிட்டாள்.

வீட்டில் இது வெறும் சிரிப்பு. கூடத்தில் விரல் போகும். அங்கே ஒவ்வொருத்திக்கும் கம்பிச் சுருள் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும். அதை எதிர்வரிசைக்காரிதான் பார்க்க முடியும். சுருள் சிக்கினால் கம்பி சாட்டை மாதிரி வெளியே வீசும். அதனால் உன் முதுகை நான் பார்க்கிறேன், என் முதுகை நீ பார் என்பது அங்கே ஏற்பாடு. எதிரே இருப்பவள் "பாத்து" என்றால் விலக வேண்டும். "மாத்து" என்றால் கையை உள்ளே விட்டு, தேய்ந்துபோன ஆணி அச்சை எடுத்து வேறு போட வேண்டும். இரண்டும் உதட்டில் ஒன்றே. ஆகவே கூடத்துப் பெண்கள் 'மாத்து' என்ற சொல்லையே தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கே அதற்குப் பெயர் 'கழட்டு'. பாப்பா 'குட்டி' ஆனது. மாமா 'தாயோட தம்பி' ஆனார். பால் 'வெள்ளை' ஆனது. எண்களை விரலில் காட்டினார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாக. சொன்னது புரியவில்லை என்றால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். சொன்னவள் மறுபடி சொல்வாள், வேறு வார்த்தை போட்டுச் சொல்வாள். எத்தனை தடவை காட்டினாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஊகித்து வேலை செய்தால் மட்டும் அன்றைக்கு அவளோடு ஒருத்தியும் பேச மாட்டாள்.

புரியவில்லை என்று சொல்லவே கூச்சப்பட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவள், அங்கே நாளெல்லாம் உள்ளங்கையைத் தூக்கினாள். கொஞ்ச காலத்தில் கூடத்தின் எந்த மூலைச் செய்தியும் அவளிடம் முதலில் வந்தது. ரேடியோ என்று பெயர் வந்தது அப்போதுதான்.

அவளுக்கு நேர் எதிரே மெஷின் பார்ப்பவள் நெட்டை. பாப்பாவுக்குப் பல் முளைத்தவள் அவள்தான். மெஷின்களை நிறுத்தக் கூடாது என்பதால் ஒரு வரிசை சாப்பிடும்போது இன்னொரு வரிசை வேலை செய்யும். நெட்டையின் வீடும் வேறு திசையில். ஆகவே அவர்களுடைய சிநேகம் முழுக்க அந்தப் பாதைக்குக் குறுக்கேதான் வளர்ந்தது. நெட்டை ஒரு கதையைத் தவணை முறையில் சொல்லிவந்தாள். அவளுடைய நாத்தனார், தன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்த நாத்தனார் தெருமுக்கில் வண்டியைத் திருப்ப, அங்கே வீட்டுக்காரரே நின்றுகொண்டிருந்தார். மீதியை நாளைக்குச் சொல்வதாக விட்டுவிட்டு நெட்டை போனாள்.

மறுநாள் நெட்டையின் வரிசையில் கூரை விளக்குகள் இல்லை.

மின்சாரச் செலவைக் குறைக்க மேனேஜர் கண்ட வழி அது. ஒவ்வொரு மெஷினிலும் அச்சுக்கு மேலே ஒரு சின்ன பல்பு பொருத்தியிருந்தார்கள். வேலைக்கு அந்த வெளிச்சம் போதும், ஆணி நன்றாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. முதலில் ஒரு வரிசையில் செய்து பார்த்துவிட்டு, அடுத்த மாதம் சித்தியின் வரிசையிலும் கழட்டுவதாக ஏற்பாடு. இந்தக் கழட்டுவது நிஜமாகவே கழட்டுவது.

சித்தி பேசினால் நெட்டைக்குத் தெரியும். நெட்டை பேசினால் சித்திக்கு இருட்டு அசைவது மட்டும் தெரியும். நெட்டை நாத்தனார் கதையைத் தொடர்ந்து பார்த்தாள். சித்தி உள்ளங்கையைத் தூக்கித் தூக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். சித்தியின் முதுகுக்குப் பின்னால் சுருள் ஒருமுறை சிக்கியபோது நெட்டை மெஷினை விட்டு ஓடிவந்து தோளைத் தட்டினாள். இப்படி ஆளாளுக்கு ஓடியதில் வேலை பின்தங்கியது. பெண்கள் அரட்டைக்காக மெஷினை விட்டு நகர்கிறார்கள் என்று எச்சரிக்கை ஒட்டப்பட்டது.

ஒரு மாலை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். எங்கள் பேச்சுக்கு அவள் ஒரு சின்னப் புன்னகையோடு இரண்டு முறை தலையாட்டினாள். அதை நான் பல வருடங்களாகப் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் அவ்வப்போது பிரிவுக்கு ஒருவர் மேனேஜரோடு உட்கார்ந்து பேசும் கூட்டம் உண்டு. அந்த முறை கூடத்துப் பெண்கள் சித்தியை அனுப்புவதென்று முடிவு செய்தார்கள். பேக்கிங் பிரிவின் ஆள், அவருக்குச் சித்தியின் வாய்மீது பழைய கோபம், வாசலில் வைத்தே கேட்டார்.

"காதே கேக்காதவங்க எங்க குறையை எங்க கேக்கப்போறாங்க?"

நெட்டை அதை அப்படியே சித்திக்குச் சொன்னாள். நல்ல வெயில், ஒரு எழுத்து தப்பவில்லை.

"காதுதான் கேக்காது தம்பி," என்றாள் சித்தி. "வாய் நல்லாவே கேக்கும். வந்து பாருங்க."

அம்மாவுக்குத்தான் பயம். ஆணிக்கூடத்தில் காது கேட்காதவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மேனேஜரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் காட்டுவானேன், பேசாமல் இருந்தால் வேலையாவது மிஞ்சும் என்று சொல்லிப் பார்த்தாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சை முடிக்க அவளுக்கு அது ஒரு வசதி.

அம்மா பயந்தது போலவே நடந்தது. அன்று அந்த அறையில் நடந்ததைச் சித்தி சொல்லியும், அவளோடு துணைக்குப் போன நெட்டை திருத்தியும் பலமுறை கேட்டிருக்கிறேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. எல்லாரையும் உட்காரச் சொன்னார், குறுக்கே பேசாமல் கேட்டார். ஆனால் அவருக்கு மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும் மீசை. அவர் பேசப் பேசச் சித்தி உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொல்லியேவிட்டாள்.

"மீசை உங்களுக்கு அழகாத்தான் இருக்கு சார். ஆனா நீங்க பேசறப்ப மீசைதான் பேசற மாதிரி இருக்கு."

அறையே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார் என்பதை மீசை விரிந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பிறகு, கூடத்தில் மெஷின் பார்த்துப் பதவி உயர்ந்த சூப்பர்வைசர் அவருக்கு உதடாக நின்றார். மேனேஜர் சொன்னது நியாயமாகவே இருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது ஊகம்தானே, மெஷின் ஓடும் இடத்தில் ஊகத்தை நம்பலாமா என்று கேட்டார். பேச்சே இல்லாமல் வேலை நடப்பதுதான் பத்திரம் என்றார். இவருக்குச் சுத்தமாகக் கேட்காது என்பதால் பேக்கிங்குக்கு அனுப்புவது இவருக்கே நல்லது, அங்கே சத்தம் இல்லை, நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

பேக்கிங் அறையைச் சித்தி அறிவாள். எல்லாரும் குனிந்துகொண்டு பெட்டி கட்டுவார்கள், குனிந்தபடியே பேசுவார்கள். துணிக்கடை மாடிக்கு நீளமான ஒரு மேசை போட்டது போல இருக்கும்.

விளக்கு விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று மேனேஜர் எழப்போனார். சூப்பர்வைசர் அதைத் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மீசைக்கு அடியிலும் அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்தது.

"அப்புறம் வேணாம் சார். இன்னைக்கே கூடத்துக்கு வாங்க. நீங்களா ஒரு வாக்கியம் சொல்லுங்க, ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரிசை முழுக்க அனுப்பறோம். வெளிச்சத்துல ஒண்ணு, இருட்டுல ஒண்ணு. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். எங்க ஆளுங்க தெரிஞ்சாச் சொல்லுவாங்க, தெரியலன்னா தெரியலம்பாங்க. ஊகம் பண்ணி ஒரு தப்பு வந்து சேந்தாலும் நான் நாளைக்கே பேக்கிங்குக்குப் போயிடறேன்."

நெட்டை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். சித்தி பார்க்கவில்லை.

வேண்டுமென்றே தெரியவில்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று மேனேஜர் கேட்டார்.

"அதுக்குத்தான் இருட்டு வரிசைக் கடைசியில நீங்களே நில்லுங்க."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் இப்போது பார்க்க வேண்டும் போலிருந்தது. கூடத்துக்குப் போகும் வழியில் சூப்பர்வைசரிடம் எந்தெந்த எழுத்துகள் உதட்டில் ஒன்றாகத் தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு தாளில் எழுதி, வெளிச்ச வரிசையின் முதல் பெண்ணிடம் மட்டும் காட்டினார். வாக்கியம் முழுக்கப் பகரமும் மகரமும். மாமா பாப்பாவுக்குப் பால் வாங்கப் பத்து மணிக்குப் போனார்.

முதல் பெண் படித்தாள், சிரித்தாள், மெஷினை ஒரு கண்ணால் பார்த்தபடியே அடுத்தவளிடம் திரும்பினாள். முகத்துக்கு முகம் வாக்கியம் நகர்ந்தது. நடுவில் ஒரு உள்ளங்கை எழுந்து இறங்கியது, அவ்வளவுதான். வரிசையின் கடைசியில் நின்ற சித்தி அதை வாங்கி, தட்டுகளில் குறியிடும் சுண்ணக்கட்டியால் மெஷினின் பக்கவாட்டில் எழுதினாள்.

தாயோட தம்பி, குட்டிக்கு வெள்ளை வாங்க, 10 மணிக்குப் போனார்.

மேனேஜர் அதைப் படித்தார். தலையை ஆட்டி இல்லை என்றார். முதல் வார்த்தையே ஒத்துப்போகவில்லையே என்று தாளைத் தட்டிக் காட்டினார். அந்தச் சத்தத்தில் அவருக்கு எப்படி விளக்குவது? சூப்பர்வைசர் குனிந்து தாளையும் மெஷினையும் மாறி மாறி விரலால் தொட்டார். மாமா, தாயோட தம்பி. பாப்பா, குட்டி. பால் என்ற இடத்துக்கு வந்தபோது மேனேஜரின் மீசை விரிந்தது.

அடுத்தது இருட்டு வரிசை. வேறு வாக்கியம், வேறு முதல் பெண். மேனேஜர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

முதலாமவள் சொன்னதற்கு இரண்டாமவள் உள்ளங்கை காட்டினாள். மறுபடி சொன்னாள், மறுபடி உள்ளங்கை. அச்சுக்கு மேலிருந்த பல்பின் பக்கம் முகத்தைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிட்டு வைத்த பிறகு ஒருவாறு கைமாறியது. இப்படித் தட்டுத்தடுமாறி வரிசையின் நடுவுக்கு வந்தது. நடுவில் நின்றவள் புதியவள். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விதியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஆனால் அவள் இன்னும் எல்லாருக்கும் பயந்துகொண்டிருந்தாள். இப்போது மேனேஜரே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்தவள் அவளிடம் சொன்னாள். புதியவள் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். பல்பின் பக்கம் தாழ்த்தியிருந்த முகத்தில் ஒரு சின்னப் புன்னகை வந்தது. தலை ஒருமுறை ஆடியது.

அந்தத் தலையாட்டல் சித்திக்குத் தெரியும். அதன் உள்ளே ஒன்றுமே இல்லை என்பதும் தெரியும். பாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அவள் கையைத் தூக்கியிருக்கலாம், ஒரு வார்த்தை அசைத்திருக்கலாம். வெளிச்சம் அவள் பக்கம்தான் இருந்தது, புதியவளுக்குத் தெரிந்திருக்கும். சொல்லிக்கொடுத்தால் பந்தயம் கெடும். சித்தி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

புதியவள் அடுத்தவளிடம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு வந்த வழியே திரும்பி, மேனேஜருக்கு எதிரே, உள்ளங்கையைத் தூக்கினாள். தோள்வரை அல்ல, தலைக்கு மேலே.

மறுபடி சொன்னார்கள். மறுபடி தூக்கினாள். சொன்னவளுக்கே இப்போது சந்தேகம் வந்து தனக்குச் சொன்னவளிடம் திரும்பிக் கை தூக்கினாள். அவள் தனக்கு முந்தியவளிடம். மெஷின்கள் ஆணியைத் துப்பிக்கொண்டே இருந்தன, ஒன்றுகூட நிற்கவில்லை. இருட்டில், வரிசையின் முதல் பாதியில், உள்ளங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன.

மேனேஜர் கடைசி இடத்தில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே நடந்து முதல் பெண்ணிடம் போனார். சொல்லச் சொல்லிக் கையால் கேட்டார். தான் எழுதிய வாக்கியம்தான். என்ன என்று அவருக்குத் தெரியும். அவள் சொன்னாள். அவர் இன்னும் கிட்டே போய்க் குனிந்தார். அவள் மறுபடி சொன்னாள். தெரிந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் அவள் இருக்கிறாள் என்று அவரால் பிடிக்க முடியவில்லை. நிமிர்ந்து, சுற்றி நின்ற கைகளைப் பார்த்தார்.

பிறகு அவரும் உள்ளங்கையைத் தூக்கினார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை. சித்தி பாதையைக் குறுக்கே கடந்து போய்ப் புதியவளின் தூக்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அது தூக்கியிருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பேக்கிங் பேச்சு அதோடு நின்றது. அதன் பிறகு கூடத்துக்காகச் சித்திதான் எல்லாக் கூட்டத்துக்கும் போகிறாள். பேக்கிங் பிரிவின் ஆள் தன் பிரிவு விஷயத்தையும் அவள் காதில் போட்டுவைக்கிறார், அதாவது கண்ணில். அடுத்த கூட்டத்துக்கு மேனேஜர் மீசையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். மனைவி சொன்னதால் வெட்டியதாக அவர் சொல்ல, சித்தி அதை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டாள்.

கழட்டிய விளக்குகளை வேலை நேரத்திலேயே மறுபடி மாட்டினார்கள். ஏணி ஒவ்வொரு மெஷினாக நகர்ந்தது, அதன் பின்னாலேயே முகங்கள் வந்தன. வெளிச்சம் பட்ட இடத்தில் எல்லாம் வாய் அசையத் தொடங்கியது. இத்தனை நாள் அடைத்துவைத்தது எல்லாம் ஒரே நேரத்தில். ஏணி நெட்டையின் தலைக்கு மேல் நின்றபோது சித்தி தன் மெஷினில் கம்பியை நேராக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது எதிரே நெட்டை, பல் உட்பட முழுசாக, வெளிச்சத்தில் இருந்தாள்.

நெட்டைதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க விட்டேன்?"

"உன் நாத்தனார் முக்குல வண்டியத் திருப்பினா. அங்க அவ வீட்டுக்காரர் நின்னுட்டிருந்தார்."

"ஆமா. நின்னவரு வண்டியப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லாம பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு."

சித்தி ஒரு கையால் ஆணித்தட்டை இழுத்துக்கொண்டே, நெட்டையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்புறம்?"